துரை வருகிறார் என்று மலையைக் கூட்டினார்கள்

ஹட்டனில் பஸ் ஏறிய சற்று நேரத்துக்குள் என் மடியில் ஒரு பலாக்காய் உட்கார்ந்துவிட்டது. அது என்னுடையதல்ல. பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்மணி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை என்மேல் இறக்கிவைத்துவிட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் என்னைப் பார்த்து ஏதோ அதட்டினார். பின் இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார்: "காயிக்கும் ஒரு டிக்கெட்டு எடுக்கணுமாமுங்க. அது உங்க புள்ளைன்னு நெனைச்சுட்டாரு." பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்தப் பெண்மணி என் தலையை ஆதரவாகத் தடவியதில் அதுவும் போய்விட்டது.

நான் கோத்தகிரிக்காரி. கிராமங்களுக்குப் போய் வேலை செய்யப் பழகும் பெண்களுக்கு விவசாயம் சொல்லித்தரும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எங்கள் பள்ளியின் உருளைக்கிழங்குச் சரிவு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தாக்குக்குக் குடிபோய்க்கொண்டிருந்தது. இலங்கை மலைநாட்டில் பல்கலைக்கழகம் ஒன்று பயிற்சிப் பண்ணை வைத்து, மண் ஓடாமல் பயிர் செய்வது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டுகிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். எங்கள் நீலகிரியில் இல்லாத மலையா, நாங்கள் பார்க்காத சரிவா என்ற எண்ணத்தோடுதான் கிளம்பினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நோர்வூட்டில் இறங்கியதும் முதல் வேலையாகச் சாப்பிட்டேன். சின்னக் கடை. தொப்பி போட்ட கடைக்காரரை எல்லாரும் நானா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தடிமனான ரொட்டி, இடித்த மிளகாய்ச் சம்பல், பால் இல்லாத தேநீர். தேநீருக்குச் சீனியை உள்ளங்கையில் கொட்டித் தருகிறார்கள். ஒரு நக்கு, ஒரு மடக்கு. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலை, குவளையில் இருந்ததோ சலித்து ஒதுக்கிய தூள். எங்கள் குன்னூரிலும் இதே கதைதான்.

பண்ணைக்கு வழி கேட்டேன். "சேர்மாரு படிக்கிற எடமா? மேக்கணக்குக்குப் போய்க் கேளுங்க டீச்சர்" என்றார் நானா. சார் என்பதை இங்கே சேர் என்பார்கள். கணக்கு என்றால் கணக்கு எழுதும் இடம் என்று யாருக்குத்தான் தோன்றாது? நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், மேல்கணக்குப் பார்ப்பவர் யார் என்று அதிகாரமாகக் கேட்டேன். கணக்கப்பிள்ளையைக் கேளுங்கள் என்றார்கள். மூக்குக் கண்ணாடியும் காதில் பென்சிலுமாக ஒருவரை எதிர்பார்த்து மேடேறினேன். தேயிலைக்கு நடுவில் அரைக்கால் சட்டையும் கையில் பிரம்புமாக ஒருவர் கொழுந்து பறிப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் கணக்கப்பிள்ளை. வந்த விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கணக்குன்னா தோட்டத்துல ஒரு பகுதிங்க டீச்சரம்மா. இதுக்கு மேல இருக்குறது மேக்கணக்கு, கீழ இருக்குறது பணியக் கணக்கு. நீங்க தேடுறது அந்தா தெரியுது பாருங்க, தகரக் கூரை."

தகரக் கூரையின் வாசலில் சிவபாதம் நின்றிருந்தார். பண்ணையை நடத்தும் விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர், ஆறடிக்குக் குறையாத ஒல்லி மனிதர். "வாங்கோ டீச்சர், வாங்கோ. வழியிலை கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே?" என்றார். பலாக்காயிலிருந்து கணக்கப்பிள்ளை வரை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாமும் முதல் வாரம் அதே ஆபீசுக்குப் போனதாகச் சொன்னார்.

அன்று சாயந்திரம் பண்ணையைப் பார்த்தேன். என் நீலகிரிப் பெருமை அங்கேயே கொஞ்சம் கழன்றது என்றுதான் சொல்ல வேண்டும். தேயிலைக்கு உதவாது என்று தோட்டம் கைவிட்ட செங்குத்துச் சரிவு அது. பல்கலைக்கழக மாணவர்கள் அதைக் குறுக்காக வெட்டிப் படிப்படியாக்கியிருந்தார்கள். படியின் ஓரங்களில் அடர்ந்த புல் வரிசை. பாத்திகளில் வெறும் மண்ணே தெரியவில்லை, காய்ந்த மானாப் புல்லைக் கனமாகப் போர்த்தியிருந்தார்கள். எங்கள் ஊரில் இதை மூடாக்கு என்போம், சொல்லித்தருவோம், செய்ய மாட்டோம். புல்லை விலக்கிக் கையை விட்டால் மண் கறுப்பாக, ஈரமாக, புழுவும் பூச்சியுமாக இருந்தது. நான் குழந்தைபோல எல்லாப் பாத்தியிலும் கை விட்டுப் பார்த்தேன்.

சரிவின் கீழ்ப்பாதியில் மாணவர்கள் வேலை செய்யவில்லை. அங்கே பக்கத்து லயத்துக் குடும்பங்கள் மரக்கறி போட்டிருந்தன. லயம் என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடு. பண்ணையில் கற்றுத்தருவது உண்மை வாழ்க்கைக்கு உதவுமா என்று பார்க்க அந்தப் பாத்திகளை அவர்களிடம் கொடுத்ததாகச் சிவபாதம் சொன்னார். காரட்டும் லீக்ஸும், இங்கே போஞ்சி என்று சொல்லும் பீன்ஸும் அப்படி ஒரு செழிப்பு. அவர்களுக்கெல்லாம் முன்னால் நின்று பேசியவள் பொன்னம்மா. நாற்பது வயதிருக்கும், கொழுந்து பறிப்பவள், குரல் மட்டும் இரண்டு ஆள் குரல்.

"இந்தப் பாத்தி வந்த பொறகுதாங்க எங்க வீட்டுல தெனமும் ஒரு கறி. அதுக்கு முன்னாடி ரொட்டியும் சம்பலும், சம்பலும் ரொட்டியும். இன்னைக்கு நம்ம வீட்டுல சாப்புடுங்க. கோவா சாப்புடுவீங்களா?"

கோவாவா! ஊரை விட்டு வந்து இத்தனை நாளில் இனிப்பென்று ஒன்று நாக்கில் பட்டிருக்கவில்லை. கட்டாயம் சாப்பிடுவேன் என்றேன். பால்கோவாவை நினைத்துக்கொண்டே அவள் வீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். முட்டைக்கோஸ் சுண்டல் வந்தது. இங்கே முட்டைக்கோஸுக்குத்தான் கோவா என்று பெயராம். என் முகம் போன போக்கைப் பார்த்துக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பொன்னம்மா, லயம் முழுக்கப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனாலும் சொல்கிறேன், தேங்காய்ப்பூவும் மாசித்தூளும் போட்ட அந்தச் சுண்டலை நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். மாசி மீன் என்று பிறகுதான் சொன்னார்கள். அதை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அந்தச் சாப்பாட்டின்போதுதான் அவர்கள் கவலை தெரிந்தது. சரிவு இன்னும் தோட்டத்துக்குத்தான் சொந்தம், பண்ணைக்கு வாய்ச்சொல்லாகக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர், நெடுங்காலமாக இங்கே இருப்பவர். லயத்து ஆட்கள் மலையைக் கொத்தினால் மண் கரைந்து தமது வண்டிப்பாதையில் வந்து குவியும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வந்து பார்ப்பார். மண் ஓடுகிறது என்று கண்டால் பாத்திகளைப் பிடுங்கித் தேயிலை நட்டுவிடுவார்.

"புடுங்கிட்டா மறுபடி ரொட்டியும் சம்பலுந்தான்" என்றாள் பொன்னம்மா. அவள் சிரிக்காமல் பேசியதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"பயப்பிடாதையுங்கோ" என்றார் சிவபாதம். "மண் ஒரு பிடியும் அசையாது. நாளைக்கு நானும் டீச்சரும் பட்டிப்பொலவுக்குப் போய் வருவம். நீங்கள் சரிவை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ, அது போதும்."

"நாங்க பாத்துக்கிறோமுங்க சேர்" என்றாள் பொன்னம்மா.

மறுநாள் சனிக்கிழமை. பட்டிப்பொலவில் சிவபாதத்தின் நண்பர் ஒருவர் உருளைக்கிழங்கு போட்டிருந்தார், அதை எனக்குக் காட்டத்தான் போனோம். ஊட்டிக் குளிரைப் பார்த்தவள் நான் என்று சால்வையை விட்டுவிட்டுப் போய், ஸ்டேஷனில் இறங்கியதும் பல் கிட்டிப்போய் நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் தம் கோட்டைக் கழற்றித் தந்தார். அந்தக் கறுப்புக் கோட்டோடு நான் கிழங்கு வயலில் திரிந்ததைப் பார்த்து இரண்டு சிங்கள விவசாயிகள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். நண்பரின் மனைவி கிழங்கைத் தோலோடு அவித்து, மிளகும் உப்பும் தூவி, ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. சட்டி காலியானதில் இருவருக்கும் எல்லாம் புரிந்தது.

திரும்பும்போது ரயில் நின்றது. பாதையில் மண் சரிந்து கிடந்தது, ஆட்கள் மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இறங்கி வேடிக்கை பார்த்தோம். குடையை மடக்கிப் பிடித்திருந்த சிங்களப் பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிவபாதம் எனக்கு மொழிபெயர்த்தார்: "மலைக்கும் கொழும்புக்குப் போக ஆசை வந்துவிட்டது, டிக்கெட் இல்லாமல் ஏறப் பார்க்கிறது." மலைக்கு மேலே பார்த்தேன். சுத்தமாகக் களையெடுத்த தேயிலை, அதன் அடியில் சிவந்த மண், கீழே தண்டவாளம். எனக்குக் கோத்தகிரிச் சரிவு ஞாபகம் வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பண்ணைக்கு வந்து சேர்ந்தோம். லயமே எங்களை எதிர்கொண்டு அழைத்தது. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு. பொன்னம்மா முன்னால் நடந்து எங்களைக் கூட்டிப்போய்ச் சரிவின் முன் நிறுத்தினாள்.

சரிவு மொட்டையாக இருந்தது.

ஒரு துரும்பு இல்லை. போர்த்தியிருந்த புல் முழுவதும் போய்விட்டது. படி ஓரத்துப் புல் வரிசைகளைக் களையெடுக்கும் சுரண்டியால் வேரோடு சுரண்டியிருந்தார்கள். பாத்திகளை விளக்குமாறு போட்டுக் கூட்டியிருந்தார்கள், ஈர்க்குத் தடம்கூடத் தெரிந்தது. நடுவில் காரட்டுகள் பரீட்சை எழுத வந்த பிள்ளைகளைப்போலத் தனித்தனியாக நின்றன.

சிவபாதம் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்தார். "நான் என்ன சொன்னனான்? வடிவாப் பாக்கச் சொல்லியெல்லே சொன்னனான்?"

"அதைத்தானுங்க சேர் செஞ்சோம்" என்றாள் பொன்னம்மா. "வேலை விட்டு வந்ததும் மொத்தப் பேரும் எறங்கிட்டோம். வடிவா இல்லீங்களா?"

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. யாழ்ப்பாணத்தில் வடிவாக என்றால் கவனமாக, நன்றாக என்றும் பொருள். அவர் சொன்னது நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மலையில் வடிவு என்றால் அழகுதான், வேறொன்றுமில்லை. துரை வருகிறார், இடத்தை அழகு பண்ணுங்கள் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். துரை கண்ணுக்கு எது அழகு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை மலையில் ஒரு புல் முளைத்திருந்தால் வசவு வாங்கியே வளர்ந்தவர்கள்.

"தொரை வர்ற நேரத்துல குப்பையும் புல்லுமா கெடந்தா நல்லா இருக்குமுங்களா?" என்றாள் பொன்னம்மா. "வீட்டுக்கு ஆளு வந்தா கூட்ட மாட்டோமா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர்கள் எல்லாரும் பாராட்டுக்காகக் காத்து நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். சிவபாதமும் திட்டவில்லை. விஷயத்தை மெதுவாக எடுத்துச் சொன்னார். பொன்னம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை இன்னும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பிடுங்கின புல்லு எங்கை?" என்றார் சிவபாதம்.

மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினோம். பச்சைப் புல்லில் பெரும்பகுதி மாடுகளின் வாயில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அவை நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. காய்ந்த புல்லை மாடு படுப்பதற்காகப் பரப்பியிருந்தார்கள். நனைந்தது, மிதிபட்டது போக ஏதோ கொஞ்சம் தேறும். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னம்மா என்னைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், அவளும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் கலங்கி நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லாரும் சரிவில் இருந்தோம். லயத்துப் பெண்கள், ஆண்கள், மாணவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய சிவபாதம், சேலையை இழுத்துச் செருகிய நான். நிமல் என்ற சிங்கள மாணவன் மானாப் புல்லை வெட்டி வெட்டித் தலையில் சுமந்து வந்தான். அவனுக்குப் பொன்னம்மா தமிழில் கட்டளையிட்டாள், அவன் சிங்களத்தில் பதில் சொன்னான், வேலை நடந்தது. இடது பக்கத்திலிருந்து தொடங்கிப் புல் வரிசையை மறுபடி நட்டு, பாத்திகளைப் போர்த்திக்கொண்டே போனோம். பாதிச் சரிவு முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை. எதிரில் நிற்பவர் தெரியாத மழை.

"இனி ஒண்டும் செய்யேலாது" என்றார் சிவபாதம். வலது பக்கம் முழுக்க இன்னும் மொட்டையாகக் கிடந்தது.

அந்த மழையிலேயே துரை வந்தார். பெரிய குடை, முழங்கால் வரை பூட்ஸ். பின்னால் கணக்கப்பிள்ளை, நான் முதல் நாள் சந்தித்த அதே மனிதர். துரை நேராக வண்டிப்பாதைக்குப் போய், சரிவின் தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் ஓரத்தில் நின்றார். வலது பக்கத்திலிருந்து தண்ணீர் செக்கச் சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. பாதையில் சேறு சேரத் தொடங்கியிருந்தது.

"பாரு!" என்றார் துரை. தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு, எல்லாரையும் நீ என்பார். "மண்ணு வருது. நான் சொன்னது சரி. பாத்தி வேணாம். நாளைக்கு எடுத்துப் போடு."

சிவபாதம் இங்கிலீஷில் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். மழைச் சத்தத்தில் அது எடுபடவில்லை. அப்போது பொன்னம்மா முன்னால் வந்தாள். துரையின் முன்னால் அவ்வளவு கிட்டத்தில் அவள் நின்றதே இல்லையாம், பிறகு சொன்னார்கள்.

"தொரை, அது நேத்து நாங்க சுத்தம் பண்ண பக்கமுங்க" என்றாள் அந்த இரண்டு ஆள் குரலில். "நீங்க வர்றீங்கன்னு உங்க தேயிலை மலை மாதிரியே சுத்தமாக் கூட்டிப்புட்டோம். தப்பு எங்களோடதுதான். எங்க பாத்தி எப்பவும் இருக்குறது இந்தப் பக்கம் மாதிரிங்க. இதையும் ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

இடது பக்கத்து வாய்க்காலைக் காட்டினாள். துரை போனார். நாங்களும் போனோம். நானும் அதுவரை அந்தப் பக்கம் கவனிக்கவில்லை. போர்த்திய பாதியிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஆனால் மெல்ல வந்தது, வாய்க்காலின் அடியில் கிடந்த கூழாங்கல் தெரியும்படி தெளிவாக வந்தது.

துரை குனிந்து அதில் கையை விட்டார். திரும்ப வலது பக்கம் போய் அதிலும் கையை விட்டார். விரலில் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எங்களை எல்லாம் விட்டுவிட்டு, பாதைக்கு எதிரே இருந்த தம்முடைய ஏழாம் நம்பர் மலையைப் பார்த்தார். களை என்று ஒன்று இல்லாத சுத்தமான மலை. அதன் ஒவ்வொரு வடிகாலிலும் செந்தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குடையைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டேயிருந்தார். பொன்னம்மா என் கையைப் பிடித்திருந்தாள், விரல் வலித்தது.

"சரி" என்றார் கடைசியில். "பாத்தி இருக்கட்டும். அந்தப் பக்கமும் மூடு."

நாலடி நடந்து திரும்பினார். கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஏழாம் நம்பர்லே சுரண்டி வேணாம்."

மழைச் சத்தத்தில் வேணும் என்று கேட்டுக்கொண்ட கணக்கப்பிள்ளை பதறிப்போனார். "எத்தனை ஆளு வேணுமுங்க தொரை?"

"வேணாம்! புல்லு இருக்கட்டும்!" என்று கத்திவிட்டுத் துரை மழைக்குள் போய்விட்டார்.

பொன்னம்மா என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள். "டீச்சரம்மா, தொரைக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டும்தான். நிமல் புல்லுக்கட்டைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தான். பெண்கள் கூச்சலிட்டார்கள். சிவபாதம் நனைந்த வேட்டியோடு எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். பொன்னம்மா என் பிடியிலிருந்து விடுபட்டு, சரிவில் நாலு படி ஏறி நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"மாடு தின்னதுபோக மிச்சம் இருக்குற புல்லைக் கொண்டாங்கடி! இனிமே தொரை வந்தாலும் சரி, தொரைக்குத் தொரை வந்தாலும் சரி, எவளாச்சும் இந்த மலைக்கு வெளக்கமாறோட வந்தீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"